பாலுறவுக்குப் பின் எச்.ஐ.வி. அச்சம்: முதல் மணி நேரம் தொடங்கிக் கடைசிப் பரிசோதனை வரை, தருமபுரி–கிருஷ்ணகிரி பகுதியினருக்கு

ஒரு தாளை எடுத்து, நடந்த தேதியையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். நேற்று இரவாக இருக்கலாம், மூன்று வாரத்துக்கு முன்பாகவும் இருக்கலாம். கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த நேரத்திலிருந்துதான் எண்ணப்படுகின்றன. அந்தத் தாள் கடைசிவரை உங்களிடம் இருக்க வேண்டும்.

இந்த அச்சத்தை நானும் ஒருமுறை முழுமையாக அனுபவித்திருக்கிறேன். ஓசூரில் வேலை பார்த்த நாட்களில் நடந்தது. அதன் பிறகு எங்கள் பக்கத்து இளைஞர்கள் சிலருக்குத் துணையாகப் பரிசோதனை மையத்துக்குச் சென்று வந்திருக்கிறேன். அனைவரிடமும் ஒரே தவறைக் கண்டேன். மருந்துக்கு நேரம் இருக்கும்போது வீட்டுக்குள் அழுதுகொண்டிருக்கிறார்கள். பரிசோதனைக்கு நாள் வராதபோது ஆய்வகம் ஆய்வகமாக ஓடுகிறார்கள். அதனால்தான் இங்கே படிகளின் வரிசைக்கு இத்தனை அழுத்தம் தருகிறேன்.

1. முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம்

உறவு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால், தொற்று நிலைகொள்ளாமல் தடுக்க மருந்து இருக்கிறது. அதைத் தொற்றுத் தடுப்பு மருந்து என்பார்கள்; மருத்துவமனையில் 'பி.இ.பி.' என்று கேட்டால் புரியும். ஒருவேளை கிருமி உடலுக்குள் வந்திருந்தாலும், அது பரவி நிலைத்துவிடும் முன் பெருகவிடாமல் நிறுத்துவதே இதன் வேலை. அதனால் 72 என்பது கடைசி எல்லை மட்டுமே. இரண்டாவது மணி நேரத்தில் தொடங்குவதற்கும் எழுபதாவது மணி நேரத்தில் தொடங்குவதற்கும் பலனில் பெரிய வேறுபாடு உண்டு.

'உண்மையிலேயே ஆபத்து இருந்ததா என்று முதலில் படித்துப் பார்க்கிறேன்' என்று உட்காராதீர்கள். அந்த ஆராய்ச்சியில் ஓர் இரவு போய்விடும். ஆபத்தை எடைபோடுவது மருத்துவரின் வேலை. தேவையில்லை என்றால் அவரே திருப்பி அனுப்புவார், அதில் நீங்கள் இழப்பது அரை நாள்தான்.

ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து பெங்களூருவில் வேலை செய்பவர்களும், தேசிய நெடுஞ்சாலை 44 வழியாக வடக்கே லாரி ஓட்டிப் போகிறவர்களும் இதில்தான் நேரத்தை இழக்கிறார்கள். எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர் அரசு மருத்துவமனைக்கே போங்கள். மையம் எங்கே என்று தெரியவில்லையா? 1097 என்ற இலவச எண்ணுக்கு அழையுங்கள். அது எச்.ஐ.வி.க்கான தேசிய உதவி எண். பெயர் சொல்லாமலும் பேசலாம்.

72 மணி நேரம் கடந்துவிட்டது என்றால் 5ஆம் படிக்குப் போங்கள். கடந்த நேரத்தை நினைத்து உங்களை நீங்களே வதைத்துக்கொள்வதால் எந்தப் பயனும் இல்லை.

2. நடந்ததை ஒரே வரியில் எழுதுங்கள்

'தப்பு பண்ணிவிட்டேன் டாக்டர்' என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் முதல் வாக்கியம். அதை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் எதையும் முடிவு செய்ய முடியாது. அவருக்கு வேண்டியது இவ்வளவுதான்: எந்த வகை உறவு, ஆணுறை இருந்ததா, கிழிந்ததா, நழுவியதா, இருவரில் யாருக்காவது புண்ணோ இரத்தக்கசிவோ இருந்ததா, எதிரிலிருந்தவரின் எச்.ஐ.வி. நிலை தெரியுமா. கூச்சமாக இருந்தால் தாளில் எழுதி நீட்டுங்கள். எத்தனையோ பேர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இப்போது சில உண்மைகள். முத்தம், கட்டியணைப்பு, எச்சில், வியர்வை, ஒரே தட்டில் சாப்பிட்டது, ஒரே கழிப்பறை, கொசுக்கடி ஆகியவற்றால் எச்.ஐ.வி. பரவுவதில்லை. காயமில்லாத தோலில் பட்ட திரவத்தாலும் பரவுவதில்லை. கையால் தூண்டியதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு மருந்தும் தேவையில்லை, பரிசோதனையும் தேவையில்லை. ஆணுறை தொடக்கம் முதல் கடைசி வரை கிழியாமல் இருந்திருந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. வாய்வழி உறவில் ஆபத்து மிகமிகக் குறைவு.

ஆணுறை இல்லாத உறவுக்குச் சராசரிக் கணக்கு உண்டு. எதிரிலிருப்பவருக்கு எச்.ஐ.வி. இருந்து, அவர் சிகிச்சையும் எடுக்காதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுறுப்பு வழி உறவில் ஆணுக்குத் தொற்றுவது 10,000 முறையில் சுமார் 4. பெண்ணுக்குச் சுமார் 8. ஆசனவாய் வழி உறவில் ஏற்பவருக்குச் சுமார் 138. செலுத்துபவருக்குச் சுமார் 11. பால்வினைப் புண் ஏதாவது இருந்தால் இந்த எண்கள் கூடும். எதிரிலிருப்பவர் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை முறையாகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலையில் தொடர்ந்து இருப்பவர் என்றால் பாலுறவு வழியாக அவரிடமிருந்து தொற்று வராது.

இந்த எண்களை இரண்டு விதமாகத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். ஒருவர் 'வெறும் நான்குதானே' என்று 72 மணி நேரத்தை விட்டுவிடுகிறார். இன்னொருவர் அந்த நான்கில் ஒன்று தாம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார். மருந்துக்கு நேரம் இருந்தால் எண் எதுவானாலும் மருத்துவரைப் பாருங்கள். நேரம் இல்லை என்றால், உங்கள் பக்கம் இருக்கும் அந்த ஆயிரக்கணக்கான வாய்ப்புகளை நினைவில் வையுங்கள்.

உறவு கொண்ட பெண் பாலியல் தொழில் செய்பவர் என்பதாலேயே அவருக்கு எச்.ஐ.வி. இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. அவர்களுக்கென நடக்கும் தடுப்புத் திட்டங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். தம் உடல்நலம் குறித்து நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்களில் பலர்.

3. புறப்படும் முன்

தண்ணீரிலும் சாதாரண சோப்பிலும் மேலாகக் கழுவினால் போதும். கிருமிநாசினி திரவம், எலுமிச்சைச் சாறு, உப்புநீர் எதையும் உறுப்பில் ஊற்றாதீர்கள். பெண்கள் உள்ளே பீய்ச்சிக் கழுவவும் கூடாது. தோலும் உள்சவ்வும் எரிந்து புண்ணானால் கிருமிக்கு நாமே வழி திறந்ததாகும்.

எடுத்துச்செல்ல வேண்டியவை: அந்தத் தாள், ஏதேனும் ஓர் அடையாள அட்டை, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் மறக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு, காசநோய் மருந்து, வலிப்பு மாத்திரை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் இவற்றில் எது இருந்தாலும் தடுப்பு மருந்தின் தேர்வோ அளவோ சாப்பிடும் நேரமோ மாறக்கூடும்.

4. மருத்துவமனையில் எங்கே போவது, என்ன கேட்பது

இரண்டு மாவட்டத் தலைநகரங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய பெயர்கள் மூன்று. 'நம்பிக்கை மையம்' என்பது ஆலோசனையும் இலவச எச்.ஐ.வி. பரிசோதனையும் கிடைக்கும் இடம். 'ஏ.ஆர்.டி. மையம்' கூட்டு மருந்து சிகிச்சை நடக்கும் இடம். தடுப்பு மருந்து பற்றி நன்கு தெரிந்தவர்கள் அங்கேதான் இருப்பார்கள். 'சுகவாழ்வு மையம்' பால்வினை நோய்களுக்கானது. பரிசோதனைக்கு மட்டும் என்றால் வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளிலும் நம்பிக்கை மையம் உண்டு.

மருந்துக்காகப் போகிறவர் நேராக ஏ.ஆர்.டி. மையத்தைக் கேளுங்கள். இரவோ ஞாயிற்றுக்கிழமையோ என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வேலையின்போது தவறுதலாகத் தங்கள் மேல் ஊசி குத்திவிட்ட மருத்துவப் பணியாளர்களுக்கு உடனே தொடங்குவதற்காக அங்கே இந்த மருந்தை வைத்திருப்பது வழக்கம்.

சொல்ல வேண்டிய வாக்கியம் இது: 'நேற்று இரவு இத்தனை மணிக்கு ஆணுறை இல்லாமல் உறவு நடந்தது. 72 மணி நேரம் ஆகவில்லை. தடுப்பு மருந்து தொடங்க வேண்டுமா என்று பாருங்கள்.' நேரத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெறும் 'எச்.ஐ.வி. டெஸ்ட்' என்று கேட்டால் வரிசையில் உட்காரவைத்து, பரிசோதித்து, 'ஒன்றுமில்லை, மூன்று மாதம் கழித்து வா' என்று அனுப்பிவிடுவார்கள். உறவுக்கு மறுநாள் எடுக்கும் பரிசோதனை, நேற்றைக்கு முன் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதை மட்டுமே காட்டும். மருந்துக்கான நேரம் அதற்குள் கரைந்துவிடும்.

அரசு இந்த மருந்தை இலவசமாகத் தருவது முதன்மையாக மருத்துவப் பணியாளர்களுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும்தான். இருவர் சம்மதத்துடன் நடந்த உறவுக்கு அங்கே மருந்து கிடைக்காமல் போகலாம். அப்போது சண்டை போட்டு நேரத்தை இழக்காமல், மருந்துச் சீட்டாவது எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் அன்றே ஒரு பொது மருத்துவரையோ தோல், பால்வினை நோய் மருத்துவரையோ பாருங்கள். ஊர் மருந்துக்கடையில் மருந்து இல்லை என்றால் ஓசூர், சேலம், பெங்களூருவில் பெரிய கடைகளைத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டு பஸ் ஏறுங்கள். சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்காதீர்கள்.

தொடங்கும் முன் அல்லது தொடங்கிய கையோடு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, சிபிலிஸ் என்ற பால்வினை நோய், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றுக்கு இரத்தம் எடுப்பார்கள். முடிவு வரட்டும் என்று முதல் மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போடாதவர்கள் அதையும் அப்போதே கேளுங்கள். கர்ப்பம் ஆகும் வாய்ப்பு இருந்தால் அவசர கருத்தடை மாத்திரையையும் அதே நாளில் கேட்க வேண்டும். அதுவும் 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டியது, முன்னதாக எடுத்தால் பலன் கூடும். எச்.ஐ.வி. அச்சத்தில் இதை மறந்து ஒரு மாதம் கழித்து வேறொரு கவலையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நடந்தது உங்கள் விருப்பத்துக்கு மாறானது என்றால், அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனடிச் சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். போலீஸ் புகார் கொடுத்த பிறகுதான் சிகிச்சை என்று யாரும் சொல்ல முடியாது. துணைக்கு ஆள் வேண்டும் என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.

தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்ற பயம் நம் ஊர்களில் பொய்யானதல்ல. தருமபுரி பேருந்து நிலையத்தில் இறங்கினாலே நான்கு பேர் 'எங்கே இந்தப் பக்கம்?' என்பார்கள். அதனால் தருமபுரிக்காரர் கிருஷ்ணகிரிக்கோ சேலத்துக்கோ போகலாம். ஓசூர்க்காரர் கிருஷ்ணகிரிக்கு வரலாம். ஆனால் அந்தப் பயணம் அன்றே நடக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டப்படி உங்கள் சம்மதமின்றிப் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. மையத்தில் பொய்யான கைபேசி எண்ணைத் தராதீர்கள். அடுத்த பரிசோதனைக்கு நினைவூட்ட அவர்களுக்கு வேறு வழி இல்லை. 'அழைத்தால் என்னிடம் மட்டும் பேசுங்கள்' என்று கேட்டுக்கொண்டால் போதும்.

மருந்து தொடங்கினால் 28 நாள். இப்போது வழக்கமாகத் தருவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. குமட்டல், தலைவலி, தூக்கம் கெடுதல் முதல் சில நாட்களில் வரலாம். அதற்குப் பயந்து பாதியில் நிறுத்துவதுதான் பெரிய பிழை. தொந்தரவு அதிகமானால் மருத்துவரிடம் போங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒருநாள் மறந்தால் நினைவு வந்தவுடன் சாப்பிடுங்கள். இரண்டை ஒன்றாக விழுங்காதீர்கள்.

5. பரிசோதனை நாட்களைத் தாளில் குறியுங்கள்

தொற்று நுழைந்த நாளுக்கும் பரிசோதனையில் அது தெரியும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அதற்குள் எடுக்கும் 'நெகட்டிவ்' முழு விடையாகாது. நான் பத்தாவது நாளில் ஒரு தனியார் ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்தேன். எத்தனையாவது நாள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. 'கிளியர்' என்று தாளைக் கொடுத்தார்கள். இரண்டு நாள் நிம்மதி. பிறகு அந்தத் தாளுக்குப் பொருளே இல்லை என்று தெரிந்தபோது பயம் முன்பைவிட அதிகமானது.

கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை மட்டும் பார்க்கும் சாதாரணப் பரிசோதனைக்கு மூன்று மாதம் இறுதிக் கணக்கு. கிருமியின் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைப் பரிசோதனையை நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்தால் 45 நாளில் நம்பத்தக்க விடை கிடைக்கும். ஆகவே தாளில் இரண்டு தேதிகளை எழுதுங்கள்: 45ஆம் நாள், 90ஆம் நாள். இடையில் வேறு தேதி வேண்டாம்.

தடுப்பு மருந்து எடுத்தவர்களுக்கு இந்த 45 நாள் கணக்கு அப்படியே பொருந்தாது. மருந்து, தொற்று வெளியே தெரியும் நாளையும் தள்ளிப்போடக்கூடும். அவர்கள் மையம் எழுதித் தரும் நாட்களையே பின்பற்ற வேண்டும். ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று வழக்கமாகச் சொல்வார்கள்.

இன்னொன்றைக் கடுமையாகவே சொல்கிறேன். 'இரத்த தானம் செய்தால் அவர்களே சோதித்துவிடுவார்கள்' என்று முகாமுக்குப் போகாதீர்கள். இடைவெளி நாட்களில் உங்கள் இரத்தம் சோதனையில் தப்பி, பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கோ விபத்தில் அடிபட்டவருக்கோ ஏற்றப்படலாம். உங்கள் பயத்துக்கு அவர்கள் விலை கொடுக்கக் கூடாது.

6. காத்திருக்கும் நாட்கள்

இதுதான் ஆட்களை உடைக்கும் பகுதி. எனக்கு மூன்றாவது வாரத்தில் தொண்டை வலித்தது. நாக்கில் வெள்ளையாக இருந்தது. கழுத்தில் நெறி கட்டியதுபோலத் தெரிந்தது. கைபேசி வெளிச்சத்தில் நாக்கைப் பார்ப்பதும் கழுத்தை அமுக்குவதுமாக இரவுகள் போயின. ஒரு நாளைக்கு முப்பது முறை அமுக்கினால் எந்தக் கழுத்தும் வலிக்கும், வீங்கும் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

எச்.ஐ.வி. புதிதாகத் தொற்றியவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல், தொண்டைவலி, தோல் தடிப்பு, நெறிகட்டுதல் வரலாம் என்பது உண்மை. சிலருக்கு எதுவுமே வராது. சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் இதே அறிகுறிகள்தான். படபடப்பு, வயிற்றுப்போக்கு, வாய் உலர்தல், பசியின்மை, எடை குறைதல் எல்லாம் பயத்தாலேயே வரும். அதனால் உடம்பைப் பார்த்துத் தொற்று உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கடுமையான காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் சென்று, உறவு நடந்த தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மற்றபடி கண்ணாடி முன் நிற்பதை நிறுத்துங்கள். நாக்கைப் படம் எடுத்திருந்தால் அழித்துவிடுங்கள்.

மனைவியோ கணவரோ இருந்தால் கடைசிப் பரிசோதனை வரை ஆணுறை கட்டாயம். இதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் 'எனக்கு ஒன்றும் இருக்காது' என்று இருந்துவிடுபவர்கள், தங்களுக்கு ஒருவேளை தொற்றியிருந்தால் அது மிக வேகமாகப் பரவும் நாட்களில் வீட்டில் இருப்பவரை ஆபத்தில் தள்ளுகிறார்கள். எப்படிச் சொல்வது என்பதை நம்பிக்கை மைய ஆலோசகரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளலாம். அவர்களுடைய வேலையில் அதுவும் ஒன்று. மனைவி கருவுற்றிருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ உடனே ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

சுவரொட்டியில் 'ரகசிய நோய்களுக்கு உடனடித் தீர்வு' என்று எழுதி, லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியரிடம் போகாதீர்கள். இரத்தத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று அவர் தரும் பொடிக்கும் எச்.ஐ.வி.க்கும் தொடர்பில்லை. உறுப்பில் புண்ணோ சீழோ வந்தால் அதைக் குணப்படுத்த சுகவாழ்வு மையம் இருக்கிறது.

இதையெல்லாம் தெரிந்த ஒரே ஒரு ஆளாவது உங்களுக்கு வேண்டும். நண்பராக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், ஆலோசகராகவும் இருக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் 14416 என்ற எண்ணுக்கு அந்த நிமிடமே அழையுங்கள். அது மனநலத்துக்கான அரசு உதவி எண், இரவிலும் இயங்கும்.

7. முடிவுத் தாளைப் படிப்பது

'நான்-ரியாக்டிவ்' (Non-reactive) என்றால் தொற்று காணப்படவில்லை என்று பொருள். நான்காம் தலைமுறை முடிவில் ஓர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். பொதுவாக 1க்குக் கீழே எதுவானாலும் 'நான்-ரியாக்டிவ்'தான். முதல் முறை 0.12, அடுத்த முறை 0.27 என்று வந்தால் 'ஏறுகிறதே' என்று பதறுகிறார்கள். அது கருவியின் சாதாரண ஏற்ற இறக்கம். இரண்டு எண்களையும் ஒப்பிடாதீர்கள்.

'ரியாக்டிவ்' என்று வந்தால், ஒரு பரிசோதனையை வைத்து யாருக்கும் எச்.ஐ.வி. என்று சொல்லிவிட முடியாது. நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகள் செய்துதான் உறுதிப்படுத்துவார்கள். தனியார் ஆய்வகத்தில் வந்த முடிவு என்றால் அன்றே நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். உறுதியானால் ஏ.ஆர்.டி. மையத்தில் பதிவு செய்து உடனே மருந்து தொடங்கலாம். வாழ்நாள் முழுதும் இலவசம். முறையாகச் சாப்பிடுபவர்கள் வேலைக்குப் போகிறார்கள், திருமணம் செய்துகொள்கிறார்கள், தொற்றில்லாத குழந்தைகளைப் பெற்றெடுக்கிறார்கள், முதுமை வரை வாழ்கிறார்கள். அந்த மையத்தின் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தாலே உங்களுக்கு இது தெரிந்துவிடும்.

8. நெகட்டிவ் வந்த பிறகும் பயம் போகாதவர்களுக்கு

90ஆம் நாள் முடிவு வந்த பிறகும் நான்காவது, ஐந்தாவது பரிசோதனைக்கு அலைபவர்கள் உண்டு. ஆய்வகத்தில் இரத்தம் மாறியிருக்குமோ, எனக்கு மட்டும் தாமதமாகத் தெரியுமோ என்று கேட்பார்கள். அவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் பேச்சு கிருமியிலிருந்து விலகிவிடும். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, சாமி தண்டிக்கும் என்றெல்லாம் வரும். அந்தக் குற்ற உணர்வை எந்த இரத்தப் பரிசோதனையாலும் அளக்க முடியாது. ஆறாவது முறை ஊசி போடும்போது இரண்டு நாள் அடங்கி, மூன்றாம் நாள் திரும்ப வருவதும் அதனால்தான்.

இந்த நிலையில் போக வேண்டிய இடம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. இதுவும் குணமாகக் கூடிய ஒரு நோய்தான், பேச்சு வழியாகவும் மருந்து வழியாகவும் தீர்க்கிறார்கள். உறவு நடந்த தேதி, மருந்து எடுத்த நாட்கள், பரிசோதனை நாட்கள், முடிவுகள் எல்லாம் உங்கள் தாளில் ஏற்கெனவே இருக்கின்றன. கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 'எல்லா முடிவும் நெகட்டிவ், ஆனாலும் தினமும் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.' உள்ளே போனதும் பேச்சு வராவிட்டால் தாளை மருத்துவரிடம் கொடுங்கள். அவர் அதைப் படித்துவிட்டு அங்கிருந்து கேட்கத் தொடங்குவார்.